கொடி சோறு போடுமா?
(ஜான் ஹியூம் என்னும் அயர்லாந்து ராஜீயவாதியைப் பற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஹியூம் என்பவருடைய பொது வாழ்வைப் பற்றியதாகும். ஒரு பெரிய மனிதரின் சரித்திரத்தைச் சொல்லுவதென்றால், அவர் பிறக்கும்போதே ஏதோ ஒரு அதிசயம் நடந்தது என்றும், தொட்டிலிலேயே ஞானம் பேசினார் என்றும் ஆரம்பிப்பது வழக்கம். அப்படிப்பட்ட சரக்கு ஒன்றும் என்னிடம் இல்லை. ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராயிருந்து, தன் ஊர் முனிசிபாலிடியின் அக்கிரமத்தைக் கேட்கக் கிளம்பி, தன் மாகாணச் சட்டசபைக்கும், பிறகு ஐரோப்பியப் பார்லிமெண்டுக்கும் போய், அங்கே 25 வருஷம் அங்கத்தினராய் இருந்தவர் அவர். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள்ளே, மதத்தின் பேரால் 3,500 பேருக்கு மேல் செத்த ஒரு சண்டை எப்படி மூண்டது, எப்படி நின்றது என்கிற சங்கதி முழுவதும் அடங்கியிருக்கிறபடியால், அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லலாமென்று நினைக்கிறேன்.

ஹியூம் 1937 ஜனவரி 18 ந் தேதி வட அயர்லாந்தில் டெர்ரி என்னும் பட்டணத்தில் பிறந்தார். அந்த ஊரின் பேரிலேயே சண்டை உண்டு. கத்தோலிக்கர் "டெர்ரி" என்பார்கள். பிராட்டஸ்டெண்டுகள் "லண்டன் டெர்ரி" என்பார்கள். ஒருவன் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று கண்டுபிடிக்க அவன் வாயிலிருந்து ஊர்ப் பேர் வந்தால் போதும். ஹியூமுடைய தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர். யுத்தத்திற்குப் பிறகு வேலையில்லாமல் இருந்தவர். ஹியூமுக்குப் பத்து வயதிருக்கும்போது, தெருக்கோடியில் தேசியவாதிகளின் தேர்தல் கூட்டம் ஒன்று நடந்ததாம். கொடிகளை ஆட்டி ஆவேசமாகப் பேசினார்களாம். பையனும் மயங்கி நின்றிருக்கிறான். தகப்பனார் தோளில் கை வைத்து, "இதிலெல்லாம் சிக்கிக் கொள்ளாதே, கொடியைத் தின்ன முடியாது" என்கிற கருத்தில் சொன்னாராம். இதை ஹியூம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வேலையில்லாத ஒரு மனிதன் சொன்ன இந்த ஒரு வார்த்தையில் இருக்கிற புத்தி, அந்தக் காலத்தில் அயர்லாந்தின் இரண்டு பக்கத்து வீராதி வீரர்களிடமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1947 ல் வந்த கல்விச் சட்டத்தினால்தான் ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் உயர்தரப் படிப்புக் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் பலனை முதல் முதல் அனுபவித்த கூட்டத்தில் ஹியூமும் ஒருவர். சர்க்கார் செய்த அந்த ஒரு காரியம் ஒரு தலைமுறையையே தலை நிமிரச் செய்துவிட்டது. படிக்காத அடிமை வாய் திறக்க மாட்டான். படித்தவன் கணக்குக் கேட்பான் அல்லவா? பிறகு அவர் பாதிரியாவதற்காக மேனூத் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெற்றார், ஆனால் பாதிரியாகாமல் வெளியே வந்துவிட்டார். பிரஞ்சு பாஷையும் சரித்திரமும் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரானார். அயர்லாந்துக்கு ஒரு பாதிரி குறைந்ததால் நஷ்டம் ஏதும் வந்துவிடவில்லை என்பதை மேலே சொல்லப்போகும் விஷயங்களால் அறிவீர்கள். அந்தப் பிரஞ்சு பாஷை பின்னால் அவருக்கு மிகவும் உபயோகப்பட்டது.

ஒரு சங்கதியை இங்கேயே சொல்லி விடுகிறேன். ஹியூம் நம்மைப் போன்ற நாஸ்திகர் அல்லர். கடைசி வரையில் மாதா கோவிலுக்குப் போனவர். 2012 ல் போப்பிடத்தில் பட்டமும் பெற்றவர். அதை மறைத்து அவரை நம்முடைய ஆளாக ஆக்கிக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவர் மதத்தை எவ்வளவு நம்பினார் என்பதல்ல இங்கே கேள்வி. மதத்தை வைத்து மனிதனுக்கு ஓட்டும் வீடும் வேலையும் அளப்பதை அவர் ஒத்துக் கொண்டாரா என்பதே கேள்வி. ஒத்துக் கொள்ளவில்லை.

அவர் செய்த முதல் பொதுக் காரியம் கூட்டம் கூட்டியதல்ல. 1960 ல், அவருக்கு வயது 23 ஆகும்போது, இன்னும் நாலைந்து பேரோடு சேர்ந்து டெர்ரியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்தார். சில பவுன்கள்தான் முதல். அந்த ஊர் ஏழைகளுக்கு எந்தப் பாங்கியும் கடன் கொடுக்காது. அடகுக் கடையும் வட்டிக்காரனும்தான் கதி. பிள்ளைக்குச் சட்டை வாங்குவதற்கு வாங்கிய கடன், அந்தப் பிள்ளைக்கு மீசை முளைக்கிற வரையில் தீராது. சங்கத்தில் வாரா வாரம் ஆளுக்குச் சில ஷில்லிங் போட்டு வைப்பது; அவசரத்துக்கு அந்தப் பொதுப் பணத்திலிருந்து மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்குக் கடன் வாங்குவது; கட்டக் கட்ட மீதிப் பணத்துக்கு மாத்திரம் வட்டி; பத்துப் பவுன் வைத்திருப்பவனுக்கும் ஆயிரம் பவுன் வைத்திருப்பவனுக்கும் ஓட்டு ஒன்றே ஒன்று. இதுதான் ஏற்பாடு. ஜெர்மனியில் ரெய்பீசன் ஆரம்பித்த முறையின் வழியில் வந்ததே இதுவும். 1890 களில் சென்னை சர்க்காருக்காக நிக்கல்சன் என்பவர் விசாரித்து எழுதின அறிக்கையும் அந்த ரெய்பீசனையே தேடச் சொல்லிற்று என்பதைக் கூட்டுறவு சங்கங்களில் வேலை செய்கிற தோழர்கள் அறிவார்கள்.

ஹியூம் 27 வயதிலேயே அயர்லாந்து முழுவதற்குமான கடன் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரானார். 1964 முதல் 1968 வரை அப்பதவியில் இருந்தார். நோபல் பரிசு வாங்கின பிறகுங்கூட, தன் வாழ்நாளில் செய்த காரியங்களில் மிகவும் பெருமைப்படுவது இந்தக் கடன் சங்கத்தைப் பற்றியே என்று சொல்லி வந்தார். வட்டிக்காரனிடம் தலை குனிந்து நிற்கிறவனிடம் போய்ச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி டெர்ரி முனிசிபாலிடியின் கணக்குக்கு வருகிறேன். தோழர்கள் தயவு செய்து கவனமாய்க் கேட்க வேண்டும். நான் கணக்குப் புலியல்ல, ஆனாலும் இந்தக் கணக்கைப் புரிந்து கொள்ளப் புலியாக இருக்க வேண்டியதில்லை.

1920 ல் வந்த சட்டப்படி அயர்லாந்து பிரிக்கப்பட்டு வடக்கே ஆறு ஜில்லாக்கள் தனி மாகாணமாயின. மாகாணம் முழுவதிலும் பார்த்தால் பிராட்டஸ்டெண்டுகள் மூன்றில் இரண்டு பங்கு. கத்தோலிக்கர் ஒரு பங்கு. சிறுபான்மையோருக்கு அவரவர் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஸ்தானம் கிடைக்க வேண்டுமென்று முதலில் விகிதாசாரத் தேர்தல் முறை இருந்தது. அதிகாரம் கைக்கு வந்ததும் பெரும்பான்மைக் கட்சி செய்த முதற் காரியங்களில் ஒன்று அதை ஒழித்ததாகும். ஸ்தல ஸ்தாபனங்களில் 1922 லும், சட்டசபையில் 1929 லும் ஒழித்து விட்டார்கள். டெர்ரியிலோ கத்தோலிக்கர்தான் அதிகம். அங்கே என்ன செய்வது? வார்டுகளை வெட்டினார்கள். 1936 ல் வெட்டின வெட்டு முப்பது வருஷத்துக்கு மேல் நின்றது.

1967 ல் அந்தக் கணக்கு எப்படியிருந்தது என்றால், தெற்கு வார்டில் கத்தோலிக்க ஓட்டர்கள் 10,047 பேர், மற்றவர்கள் 1,138 பேர். அந்த வார்டுக்கு 8 ஸ்தானம். வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர்கள் 3,946. அதற்கும் 8 ஸ்தானம். வாட்டர்சைடு வார்டில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர்கள் 3,697. அதற்கு 4 ஸ்தானம். ஆகமொத்தம் கத்தோலிக்க ஓட்டர்கள் 14,429, மற்றவர்கள் 8,781. ஆனால் முனிசிபாலிடியில் ஸ்தானம், 14,429 பேருக்கு எட்டு. 8,781 பேருக்குப் பன்னிரண்டு! பதினாயிரம் பேரை ஒரே பட்டியில் அடைத்துப் பூட்டி, மற்ற இரண்டு வார்டிலும் சிறு வித்தியாசத்தில் ஜெயித்துக் கொண்டார்கள். இதற்கு ஒரு துப்பாக்கி வேண்டாம், ஒரு போலீஸ்காரன் வேண்டாம். ஒரு பென்சிலும் படமும் போதும்.

இதோடு நிற்கவில்லை. முனிசிபல் ஓட்டு வீட்டுக்காரனுக்கும் அவன் பெண்சாதிக்கும்தான் உண்டு. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தாலும், குடியிருக்கிறவர்கள் இருந்தாலும் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் கம்பெனிகளுக்கு ஆறு ஓட்டு வரையில் உண்டு! ஆகவே வீடு கொடுத்தால் ஓட்டுக் கொடுத்ததாகும். கத்தோலிக்கனுக்கு வடக்கு வார்டில் ஒரு வீடு கொடுத்தால் இரண்டு ஓட்டு எதிரிக்குப் போகும். தெற்கு வார்டிலோ இடமில்லை. ஆகையால் வீடே கட்டாமல் இருந்தார்கள். குடும்பங்கள் இரண்டு மூன்றாக ஒரே வீட்டில் நெருங்கிக் கிடந்தன. ஹியூமும் ஒரு பாதிரியாரும் சேர்ந்து 1965 ல் ஒரு வீட்டு வசதிச் சங்கம் வைத்துத் தாங்களே வீடு கட்டித் தருகிறோம் என்று கிளம்பினார்கள். பெரிய திட்டம் ஒன்று போட்டபோது முனிசிபாலிடி அனுமதி மறுத்துவிட்டது. 1968 ஜூனில் டைரோன் ஜில்லாவில் காலிடன் என்னும் கிராமத்தில், பிள்ளைகளோடு தவிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருக்க, கலியாணமாகாத 19 வயதுப் பெண் ஒருத்திக்கு வீடு கொடுக்கப்பட்டது. அந்தப் பெண் ஆளும் கட்சிக்காரரான ஒரு வக்கீலிடம் காரியதரிசி. இது பெரிய ரகளையாயிற்று.

இப்போது சொல்லுங்கள், இது மதச் சண்டையா? கன்னி மரியாளின் மகிமையைப் பற்றிய சண்டையா? ரொட்டி கிறிஸ்துவின் உடலாக மாறுகிறதா இல்லையா என்கிற சண்டையா? ஒன்றுமில்லை. ஓட்டு, வீடு, வேலை. ஒருவனுக்கு இவைகளைக் கொடுப்பதற்கும் இன்னொருவனுக்கு மறுப்பதற்கும் அடையாளச் சீட்டாக மதம் உபயோகப்பட்டது. அந்தச் சீட்டைப் பிறவியிலேயே கழுத்தில் கட்டிவிட்டார்கள். பங்கு கேட்டவனைப் பார்த்து, "இவன் ராஜத் துரோகி, போப்பின் ஆள்" என்று, பங்கை விழுங்கினவன் கூவினான்.

ஹியூமிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அவர் தன் பக்கத்தாரையும் விட்டுவைக்கவில்லை. 1964 மே மாதம் "ஐரிஷ் டைம்ஸ்" பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதினார். எடுத்ததற்கெல்லாம் "அயர்லாந்து ஒன்றாக வேண்டும்" என்று கொடியைக் காட்டிவிட்டு, ஜனங்களுடைய வீடு வேலை பற்றி ஒரு திட்டமும் போடாத தேசியக் கட்சியை நன்றாகக் கண்டித்தார். 1965 பிப்ரவரியில், டெர்ரிக்குக் கிடைக்க வேண்டிய சர்வகலாசாலையை வேறு சின்ன ஊருக்குக் கொடுக்க சர்க்கார் தீர்மானித்தபோது, டெர்ரியிலிருந்து சட்டசபையிருக்கும் ஸ்டார்மாண்டு வரையில் பெரிய மோட்டார் ஊர்வலம் நடத்தினார். அதில் யூனியனிஸ்டு மேயரும், தேசியக் கட்சித் தலைவரும் சேர்ந்து போனார்கள். சர்வகலாசாலை கிடைக்கவில்லை, ஆனால் இரண்டு மதத்தாரும் ஒரு காரியத்துக்காக ஒன்று சேர முடியும் என்பது தெரிந்தது.

1968 அக்டோபர் 5 ந் தேதி டெர்ரியில் நடந்த உரிமை ஊர்வலத்தைப் போலீசார் தடியால் அடித்தார்கள். டெலிவிஷனில் உலகமெல்லாம் பார்த்தது. சில தினங்களில் ஏற்பட்ட பிரஜைகள் கமிட்டிக்கு ஐவன் கூப்பர் என்னும் பிராட்டஸ்டெண்டு தலைவர்; ஹியூம் உபதலைவர். கமிட்டி அப்படி அமைந்தது தற்செயலல்ல. கிளர்ச்சியின் வேகத்தில் டெர்ரி முனிசிபாலிடி கலைக்கப்பட்டது. கம்பெனி ஓட்டு ஒழிந்தது. வயது வந்தோருக்கெல்லாம் ஸ்தல ஓட்டும் வந்தது. 1969 பிப்ரவரித் தேர்தலில் பாயில் தொகுதியில் சுயேச்சையாக நின்று, தேசியக் கட்சித் தலைவரையே தோற்கடித்து ஹியூம் ஸ்டார்மாண்டு சபைக்குப் போனார். 1970 ஆகஸ்டில் மற்றவர்களோடு சேர்ந்து சமுதாய ஜனநாயகத் தொழிற் கட்சியை ஸ்தாபித்தார். 1979 முதல் 2001 வரை அதன் தலைவரும் அவரே.

பிறகு வந்த மூன்று வருஷம் கொடுமையானவை. 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறை வைக்கும் முறை அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்த ஹியூமையும் நண்பர்களையும், கலைந்து போகச் சொன்ன உத்தரவை மீறியதாகப் பட்டாளத்தார் கைது செய்து தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஹியூம் அப்பீல் செய்தார். பட்டாளத்துக்கு அப்படி அதிகாரம் கொடுக்க ஸ்டார்மாண்டு சபைக்கு உரிமையே கிடையாது என்று 1972 பிப்ரவரியில் பெல்பாஸ்ட் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லி விட்டது. உடனே லண்டன் பார்லிமெண்டு அன்றிரவே கூடி, முன் தேதியிட்டு ஒரு சட்டம் செய்து, செல்லாததைச் செல்லும்படி ஆக்கிற்று! "சட்டத்தின் ஆட்சி" என்று பேசுகிறார்களே, அதன் யோக்கியதை இவ்வளவுதான் போலும். அதற்கு முந்தின மாதம், மெகிலிகன் கடற்கரையில் பாராசூட் பட்டாளத்தார் ஊர்வலத்தாரை அடித்ததை ஹியூம் நேரில் நின்று பார்த்து, அதிகாரியோடு வாதாடினார். இவர்களை நம்பி ஊருக்குள் ஊர்வலம் விடக் கூடாதென்று எண்ணி, அடுத்த வாரம் டெர்ரியில் நடந்த ஊர்வலத்தில் சேரவில்லை. அந்த 1972 ஜனவரி 30 ந் தேதிதான் அதே பட்டாளத்தார் சுட்டு 13 பேர் அங்கேயே மாண்டார்கள், பின்னால் ஒருவர். செத்தவர்கள் ஆபத்தானவர்களல்லர் என்பதைப் பிரிட்டிஷ் சர்க்காரின் விசாரணை அறிக்கையே ஒத்துக் கொள்ள 2010 ம் வருஷம் வரையில் ஆயிற்று.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, துப்பாக்கி தூக்கு என்று சொல்வது டெர்ரியில் சுலபம். வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். வாலிபர்கள் ஐரிஷ் குடியரசுப் படையில் கூட்டம் கூட்டமாய்ச் சேர்ந்தார்கள். ஹியூம் வேண்டாம் என்றார். அவருடைய வாதம் எளியது. அயர்லாந்தில் பிரிந்து கிடப்பது மண் அல்ல, மனிதர்கள். பத்து லட்சம் பிராட்டஸ்டெண்டுகளைச் சுட்டு ஒன்றாக்க முடியாது. அவர்கள் சம்மதித்தால்தான் ஒன்றாகும் என்பார். இதற்காகத் துரோகி என்று பேர் வாங்கினார். அவர் வீட்டின்மேல் பெட்ரோல் குண்டு விழுந்ததும் உண்டு.

1974 ல் இரு வகுப்பாரும் சேர்ந்த முதல் மந்திரிசபை அமைந்து, அதில் ஹியூம் வர்த்தக மந்திரியானார். ஐந்து மாதம் நடந்தது. மே மாதம் பிராட்டஸ்டெண்டுத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தால் கவிழ்ந்தது. கத்தோலிக்கன் பக்கத்து நாற்காலியில் உட்காருவதைவிட, மின்சாரமில்லாமல் இருட்டில் உட்காருவதே மேல் என்று நினைத்தார்கள்.

உள்ளூரில் வழி அடைபட்டவுடன் ஹியூம் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1977 முதல் பிரஸ்ஸெல்ஸில் ஐரோப்பியக் கமிஷனில் அயர்லாந்து அங்கத்தினருக்கு ஆலோசகராக வேலை பார்த்தார். 1979 ஜூனில் ஒன்பது தேசத்து ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டு 410 பேரைக் கொண்ட ஐரோப்பியப் பார்லிமெண்டைத் தெரிந்தெடுத்தார்கள். வட அயர்லாந்துக்கு மூன்று ஸ்தானம். பிரிட்டனின் மற்ற பாகங்களில் அதிக ஓட்டு வாங்கினவனுக்கே ஸ்தானம் என்கிற முறை. வட அயர்லாந்தில் மாத்திரம் விகிதாசார முறை. இல்லாவிட்டால் மூன்றும் ஒரு பக்கமே போயிருக்கும். பெய்ஸ்லி என்னும் பாதிரியார் 1,70,688 ஓட்டு வாங்கி முதலாவதாகவும், ஹியூம் 1,40,622 ஓட்டு வாங்கி இரண்டாவதாகவும் வந்தார்கள். 2004 வரையில் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

இந்தப் பெய்ஸ்லியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் முடியாது. அவர் ஒரு சபையைத் தாமே ஸ்தாபித்து அதற்குத் தாமே தலைவராயிருந்தவர். போப்பைத் திட்டுவதே அவருக்கு வேதம். 1988 அக்டோபரில் போப் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வந்து ஐரோப்பியப் பார்லிமெண்டில் பேசும்போது, பெய்ஸ்லி எழுந்து "நீ கிறிஸ்துவின் எதிரி" என்று கத்தினார். மற்ற அங்கத்தினர்கள் அவரை இழுத்து வெளியே தள்ளினார்கள். ஒரே கிறிஸ்துவுக்கு இரண்டு ஏஜெண்டுகள்! ஒருவரையொருவர் போலி என்கிறார்கள். இரண்டு பேர் சொல்லுவதும் உண்மையாயிருக்கக் கூடும் என்பதே நம்முடைய அபிப்பிராயம்.

ஆனாலும் விவசாயிகளின் விலை விஷயத்திலும், மாகாணத்துக்குப் பணம் வாங்கும் விஷயத்திலும் ஹியூமும் பெய்ஸ்லியும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1994 ல் சமாதானத்துக்கு வழி பிறந்தபோது, ஹியூம், பெய்ஸ்லி, நிக்கல்சன் என்னும் மூன்று அங்கத்தினரும் ஒன்றாகப் போய் ஐரோப்பியக் கமிஷன் தலைவர் டெலோரைக் கண்டார்கள். அதன் பலனாக 1995 ல் 30 கோடி எக்யூ பெறுமான சமாதான நிதி வந்தது. மோட்சத்துக்குப் போகிற வழியில் சண்டை போட்டுக் கொண்ட இருவர், சாலைக்கும் தொழிலுக்கும் பணம் வாங்குகிற வழியில் ஒன்றாக நடந்தார்கள் பாருங்கள்.

ஹியூம் ஸ்ட்ராஸ்பர்க்கில் கற்ற பாடம் ஒன்றை நோபல் பரிசுப் பிரசங்கத்திலும் சொன்னார். 1979 ல் முதல் முதல் அங்கே போனபோது ரைன் நதிப் பாலத்தின்மேல் நடந்தாராம். இக்கரை ஸ்ட்ராஸ்பர்க், பிரான்சு. அக்கரை கேல், ஜெர்மனி. அந்த ஸ்ட்ராஸ்பர்க் 1871 ல் ஜெர்மனிக்குப் போய், 1918 ல் பிரான்சுக்கு வந்து, 1940 ல் மறுபடி ஜெர்மனிக்குப் போய், 1944 ல் திரும்பி வந்த ஊர். அங்கே பிறந்து ஊரைவிட்டு நகராத ஒரு கிழவன், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே நான்கு தடவை தேசம் மாறியிருப்பான். முப்பது வருஷத்துக்கு முன் இந்தப் பாலத்தில் நின்று, "பிரஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் ஒரே பார்லிமெண்டில் உட்காருவார்கள்" என்று ஒருவன் சொல்லியிருந்தால் பைத்தியக்காரன் என்றிருப்பார்களே, அது நடந்துவிட்டதே என்று ஹியூம் யோசித்தாராம். நடந்தது எப்படி? ஒருவரையொருவர் கட்டித் தழுவி நடக்கவில்லை. 1951 ல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் ஒரு பொது நிர்வாகம் வைத்தார்கள். பிரஞ்சுக்காரன் ஜெர்மானியனாகவில்லை, ஜெர்மானியன் பிரஞ்சுக்காரனாகவில்லை. பொதுவான காரியத்தைப் பொதுவாகச் செய்தார்கள். தெய்வ கிருபையால் அல்ல, எழுதி வைத்த ஒப்பந்தத்தால்.

இதை அப்படியே அயர்லாந்துக்குக் கொண்டு போனார். 1984 ல் ஐரோப்பியப் பார்லிமெண்டே ஹாகரப் என்னும் டேனிஷ் அங்கத்தினரைக் கொண்டு வட அயர்லாந்தைப் பற்றி அறிக்கை வெளியிடச் செய்தார். இது எங்கள் வீட்டு விவகாரம் என்று லண்டன் கோபித்துக் கொண்டது. அடுத்த வருஷமே லண்டன் சர்க்காரும் டப்ளின் சர்க்காரும் ஒப்பந்தம் செய்து கொண்டன. பேசுவோர் தொகை குறைந்த பாஷைகளுக்கு உரிமை வேண்டுமென்று அந்தப் பார்லிமெண்டில் 1979 லேயே பிரேரணை கொண்டு வந்தவரும் ஹியூமே என்பதைப் பாஷைப் பற்றுள்ள தோழர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இனி அவருடைய வாழ்வில் எல்லாவற்றிலும் பெரிய காரியத்துக்கு வருகிறேன். 1988 ல் அவர் ஜெர்ரி ஆடம்ஸோடு பேச ஆரம்பித்தார். ஆடம்ஸ் சின் பேன் கட்சித் தலைவர். துப்பாக்கிப் படையின் அரசியல் முகம் என்று எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர். ஹியூமுடைய கட்சிக்குத் தேர்தலில் நேர் எதிரி. 1992 ல் ஹியூமின் கட்சி ஆடம்ஸைப் பெல்பாஸ்ட் தொகுதியில் தோற்கடித்தது. சாதாரண ராஜீயவாதியாயிருந்தால் அத்தோடு எதிரியைக் குழியில் போட்டு மூடியிருப்பான். ஹியூம் 1993 ல் மறுபடி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். தன் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். டப்ளின் பத்திரிகைகள் வாரா வாரம் வைதன. சமாதானம் வந்துவிட்டால், துப்பாக்கியைக் கீழே போட்ட எதிரிக் கட்சிக்கு மரியாதை உண்டாகும், அதனால் தன் கட்சி தேயும் என்பது கணக்குத் தெரிந்த ஹியூமுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? இருபது வருஷத்துக்கு மேலாகச் செத்துக் கொண்டிருக்கிறார்கள், ஐந்து நாள் பேசி ஒரு உயிர் மிஞ்சினாலும் பேச வேண்டியதே என்பது அவர் நிலை.

அந்த 1993 அக்டோபர் 30 ந் தேதி கிரேஸ்டீல் என்னும் ஊரில் ஒரு சாராயக் கடையில் புகுந்து பிராட்டஸ்டெண்டுத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டதில் எட்டுப் பேர் மாண்டார்கள். சவ அடக்கத்துக்கு ஹியூம் போனார். செத்தவர் ஒருவருடைய மகள் அவர் கையைப் பிடித்து, "நேற்றிரவு தகப்பனார் சவத்தைச் சுற்றி நின்று உங்கள் முயற்சி பலிக்க வேண்டுமென்று வேண்டினோம், வேறு யாருக்கும் இந்தக் கதி வரக் கூடாது" என்ற கருத்தில் சொன்னாள். ஹியூம் அங்கேயே தேம்பி அழுதார். அந்தப் படத்தை உலகம் பார்த்தது. அந்தப் பெண் கேட்டது யாரிடத்திலாகவாவது இருக்கட்டும். காரியம் செய்ய வேண்டியவர் எதிரில் நின்ற அந்த மனிதர்தான், அதை அவரும் உணர்ந்தே அழுதார் என்று நினைக்கிறேன்.

1994 ஆகஸ்டு 31 ந் தேதி குடியரசுப் படை சண்டையை நிறுத்திற்று. 1996 ல் மறுபடி குண்டு வெடித்தது. 1997 ல் மறுபடி நின்றது. 1998 ஏப்ரல் 10 ந் தேதி ஒப்பந்தமாயிற்று. மே 22 ல் வடக்கே நூற்றுக்கு 71 பேரும் தெற்கே 94 பேரும் ஓட்டுப் போட்டு ஒத்துக் கொண்டார்கள். ஒப்பந்தத்தின் சாரம் என்ன? முதல் மந்திரியும் துணை முதல் மந்திரியும் சம அதிகாரமுள்ளவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் விலக வேண்டும். மந்திரி ஸ்தானங்கள் ஒவ்வொரு கட்சியின் பலத்துக்குத் தக்கபடி கணக்குப் போட்டுப் பங்கிடப்படும். 1929 ல் பிடுங்கிய பங்கை எழுபது வருஷமும் அத்தனை பிணங்களும் கழித்து, சட்டத்திலே எழுதிக் கொடுத்தார்கள். பங்கு கேட்டால் வகுப்பு வெறி என்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பங்கு கொடுத்ததால் அந்த நாடு கெடவில்லை, கொடுக்காததால்தான் கெட்டது.

அந்த வருஷ நோபல் சமாதானப் பரிசு ஹியூமுக்கும், யூனியனிஸ்டுத் தலைவர் டிரிம்பிளுக்கும் கிடைத்தது. ஹியூம் தன் பங்குப் பணத்தை ஏழைகளுக்கு உழைக்கும் இரண்டு ஸ்தாபனங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது பிராட்டஸ்டெண்டுகளுடையது. 2001 ம் வருஷத்துக்கான காந்தி சமாதானப் பரிசை இந்திய சர்க்காரும் அவருக்குக் கொடுத்தது. மந்திரிப் பதவியை அவர் எடுத்துக் கொள்ளவில்லை. துணை முதல் மந்திரி ஸ்தானத்துக்குத் தன் தோழர் மெல்லனை அனுப்பினார்.

கட்சி விஷயத்தில் நான் சொன்னபடியே ஆயிற்று. 1998 ல் 108 ஸ்தானத்தில் அவர் கட்சிக்கு 24. ஓட்டு எண்ணிக்கையில் முதல் கட்சியும் அதுவே. 2022 ல் 90 ஸ்தானத்தில் எட்டுத்தான். ஆடம்ஸின் கட்சி முதலாவதாக வந்து, 2024 ல் முதல் மந்திரி பதவியையும் அடைந்தது. இன்னொரு வேடிக்கை: ஒப்பந்தத்தை எதிர்த்து ஊரெல்லாம் கத்திய பெய்ஸ்லி பாதிரியார், 2007 மே மாதம் அதே ஒப்பந்தப்படி முதல் மந்திரியாகி, பழைய குடியரசுப் படைத் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருந்தார். மரம் நட்டவர் ஒருவர். பழம் தின்றவர்கள் வேறு இருவர். ஹியூம் அதைப் பற்றிக் குறைபட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை.

2004 ல் உடல்நலங் குன்றி ராஜீயத்தை விட்டு விலகினார். ஞாபக சக்தியை அழிக்கும் நோய் வந்தது. 2016 ல் பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலக ஓட்டுப் போட்டபோது, வட அயர்லாந்தில் நூற்றுக்கு 55 பேருக்கு மேல் விலக வேண்டாம் என்றே போட்டார்கள், பலிக்கவில்லை. 2020 ஜனவரி 31 ந் தேதி விலகலானதும் ஹியூம் 25 வருஷம் வகித்த அந்த ஸ்தானமே இல்லாமற் போயிற்று. அந்த ஆகஸ்டு 3 ந் தேதி டெர்ரியில் காலமானார். தொற்று நோய்க் காலமானதால் கூட்டம் கூட வேண்டாம், வீட்டு வாசலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும் என்று குடும்பத்தார் கேட்டுக் கொண்டார்கள். ஜனங்களும் அப்படியே செய்தார்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு தோழர் என்னைக் கேட்டார், "அங்கே இப்போது எல்லாம் சரியாய்விட்டதா?" என்று. சரியாகவில்லை. சட்டசபை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தான் யூனியனிஸ்டா, நேஷனலிஸ்டா, இரண்டுமல்லாதவரா என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெல்பாஸ்டில் இரு வகுப்பார் தெருக்களுக்கும் நடுவே கட்டின சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தனித்தனிப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. துப்பாக்கிக்காரன் கீழே வைத்துவிட்ட பிறகும் பாதிரி பிள்ளையை விடவில்லை. ஹியூம் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் ஒப்பந்தமே வந்திராது என்பாரும் உண்டு. எனக்கு அது சரியான சமாதானமாகப் படவில்லை. இதைப் பற்றி வேறு அபிப்பிராயமுள்ள தோழர்கள் இப்போது எழுந்து கேட்கலாம்.